சேமித்தவருக்கு உதவி உண்டா?

வேலையிழந்தவருக்கு உதவுவது அரசின் கடமைகளுள் ஒன்று என்பதை இன்று மறுப்பவர் அரியர். ஆனால், வேலையிழந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை கூறுவது நாம் எண்ணுமளவுக்கு எளிதன்று. ஆலையிலே பணியாற்றியவரை முதலாளி நீக்கிவிட்டால் அவர் வேலையிழந்தவர் என்பதில் ஐயமில்லை. தம் பட்டறையில் தாமே முதலாளியாகவும் தாமே தொழிலாளியாகவும் விளங்கும் தச்சர் ஒருவருக்கு மூன்று மாதங்களாக வேலை ஒன்றும் வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். அவரை நீக்கியவர் யார்? அவர் வேலையிழந்தவரா, வேலைக்காகக் காத்திருப்பவரா? அந்தத் தச்சர் சிக்கனமாக வாழ்ந்து கையில் ஓரளவு பணமும் சேர்த்து வைத்திருந்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. உதவி கேட்டு வரும்போது அந்தச் சேமிப்பு அவருக்குத் துணையாக நிற்குமா, எதிராக நிற்குமா?

இக்கேள்வியைப் பல நாடுகள் பலவாறு எதிர்கொண்டுள்ளன. அவற்றுள் பிரிட்டனின் வரலாறு நீண்டது, ஆராய்ச்சிக்கு ஏற்றது. ஆகவே பெரும்பாலும் அந்நாட்டைக் கொண்டே இப்பொருளை விளக்க விரும்புகிறேன்.

மாணவ நண்பர்கள் முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அரசின் உதவி மக்களை அடைவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. முதல் வாயிலின் பெயர் காப்பீடு, அதாவது இன்ஷூரன்ஸ். அங்கே கேட்கப்படும் கேள்வி, ‘நீங்கள் சந்தா செலுத்தினீர்களா?’ என்பது. செலுத்தியிருந்தால் உதவி உரிமையாகக் கிடைக்கும். பெட்டியில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. வீடு தீப்பற்றியவரிடம் காப்பீட்டுக் கம்பெனி, ‘உமக்கு வேறு வீடு உண்டா?’ என்று கேட்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இது. இரண்டாம் வாயிலின் பெயர் ஆதரவு. அங்கே சந்தாவைப் பற்றிய பேச்சே இல்லை. ‘உங்களிடம் என்ன இருக்கிறது?’ என்பதே அங்குள்ள கேள்வி. இல்லாதவருக்கே அங்கு உதவி. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் நாம் எடுத்துக்கொண்ட பொருளில் பாதி விளங்கிவிட்டது எனலாம்.

பிரிட்டனில் முதல் வாயில் திறக்கப்பட்டது 1911ஆம் ஆண்டில். அவ்வாண்டு நிறைவேறிய தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய சில தொழில்களில் ஈடுபட்டிருந்த சுமார் 22 இலட்சம் தொழிலாளருக்கு வேலையின்மைக் காப்பீட்டை அளித்தது. வாரந்தோறும் தொழிலாளி இரண்டரைப் பென்ஸும், முதலாளி இரண்டரைப் பென்ஸும் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்த்தது. வேலை போனவருக்கு வாரம் 7 ஷில்லிங் வீதம் ஆண்டுக்கு 15 வாரங்கள் வரை கிடைத்தது. தொகை சிறிதே. ஆயினும் அதைப் பெற்றவர் கை நீட்டி இரக்கவில்லை; தாம் செலுத்தியதன் பயனைத் தலைநிமிர்ந்து பெற்றார்.

இந்த ஏற்பாட்டில் சொந்தத் தொழில் செய்வோருக்கு இடமில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, சந்தாவைக் கூலியிலிருந்து பிடித்துச் செலுத்துவதற்கு அவருக்கு முதலாளி இல்லை. இரண்டாவது காரணம் ஆழமானது. காப்பீடு என்பது நம் கையில் இல்லாத நிகழ்ச்சிக்கு ஏற்பட்டது. வேலையிலிருந்து நீக்கப்பட்டதை முதலாளியின் ஏடுகளைக் கொண்டு உறுதி செய்யலாம். தமக்குத் தாமே முதலாளியாக உள்ளவர், ‘இன்று முதல் எனக்கு வேலையில்லை’ என்று தாமே அறிவித்தால் அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்? மழை நாளில் கடையை மூடிவிட்டு உதவி கேட்பவரையும், மெய்யாகவே தொழில் நசித்தவரையும் எவ்வாறு பிரித்தறிவது? இந்த ஐயம் நியாயமற்றது என்று நாம் தள்ளிவிட முடியாது.

இனி இரண்டாம் வாயிலைக் காண்போம். 1931ஆம் ஆண்டில் பிரிட்டன் பெரும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியது. வேலையில்லாதோர் தொகை 30 இலட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. 26 வாரங்கள் காப்பீட்டுத் தொகை பெற்று முடித்தவர்கள் அதற்குமேல் உதவி பெற வேண்டுமாயின் ஒரு சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அவ்வாண்டு விதி செய்தனர். அதுவே வசதிச் சோதனை எனப்பட்டது. சோதனை செய்வோர் வீட்டுக்கே வந்து விசாரித்தனர். மகன் எவ்வளவு சம்பாதிக்கிறான், மகள் எவ்வளவு கொண்டுவருகிறாள், சேமிப்பு எவ்வளவு என்றெல்லாம் கணக்கெடுத்து, அதற்கேற்பத் தந்தையின் உதவித் தொகையைக் குறைத்தனர். தந்தைக்குப் பாரமாகக் கூடாதென்று சம்பாதிக்கும் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1933இல் வால்டர் கிரீன்வுட் எழுதிய ‘லவ் ஆன் தி டோல்’ என்னும் நாவல், அந்நாளைய தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சித்திரிப்பது. குடும்பம் முழுவதையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் அம்முறையை 1941ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நீக்கிவிட்டது. ஆனால் ‘வசதிச் சோதனை’ என்ற சொல்லின் கசப்பு அந்நாட்டு மக்களின் நாவைவிட்டு நெடுங்காலம் அகலவில்லை.

இக்கசப்பை நன்கு அறிந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். 1879இல் வங்காளத்தைச் சேர்ந்த ரங்கபூரில் பிறந்தவர். இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி ஒருவரின் மைந்தர். 1942ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறிக்கையே பிற்காலத்துப் பிரிட்டிஷ் சமூகப் பாதுகாப்புக்கு அடிப்படை. சந்தா செலுத்தியவருக்கு உதவி உரிமையாகக் கிடைக்க வேண்டும், சோதனை இயன்றவரை குறைய வேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவர் சிக்கனமாய்ச் சேர்த்த பொருளே அவருக்குக் கேடாக முடியுமாயின், சேமிப்பதில் யாருக்கு மனம் செல்லும்? ஆயினும் பெவரிட்ஜும் சொந்தத் தொழில் செய்வோரைத் தனி வகுப்பாகவே வைத்தார். அவர்களுக்கு முதுமை ஓய்வூதியம் உண்டு. வேலையின்மை உதவி இல்லை. 1911இல் எழுந்த அதே ஐயம் 1942இலும் தீரவில்லை.

பின்னாளிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. சொந்தத் தொழில் செய்வோர் நெடுங்காலம் செலுத்திவந்த இரண்டாம் வகைச் சந்தா 2024 ஏப்ரல் முதல் கட்டாயமில்லை என்று ஆயிற்று. கட்டாயமாக இருந்த காலத்திலும் அச்சந்தா ஓய்வூதியத்துக்கு உதவியதேயன்றி, வேலை தேடுவோர் உதவித் தொகைக்கு உதவவில்லை. விதிவிலக்காகச் சிலர் உண்டு. அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பங்கு மீனவர். பிடித்த மீனின் விலையில் பங்கு பெறும் இம்மீனவர்கள் கூலிக்காரர் அல்லர். சொந்தத் தொழிலாளராகவே கருதப்படுபவர். படகில் பங்கு என்னும் முறை நம் கடற்கரையிலும் வழங்குவதுதான். பிரிட்டனில் இவர்கள் சற்றுக் கூடுதலான தனிச் சந்தா செலுத்தி, வேலையின்மைக் காப்பீட்டுக்கு உரியவர் ஆகின்றனர். சொந்தத் தொழிலாளரைக் காப்பீட்டில் சேர்ப்பது இயலாத காரியமன்று, மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு இம்மீனவர்களே சான்று.

முதல் வாயில் அடைபட்டிருப்பதால், நாம் முன்பு கூறிய தச்சர் இரண்டாம் வாயிலுக்கே செல்ல வேண்டியவராகிறார். அங்கே இன்று வழங்கும் உதவியின் பெயர் யூனிவர்சல் கிரெடிட். 2013ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டம் முன்பிருந்த பல உதவிகளை ஒன்றாக இணைத்தது. இதில் சேமிப்பைக் கணக்கிடும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

சேமிப்பு 6,000 பவுனுக்கு உட்பட்டிருந்தால் அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 16,000 பவுனுக்கு மேற்பட்டால் உதவியே இல்லை. இடைப்பட்டிருந்தால், 6,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு 250 பவுனுக்கும் மாதம் 4 பவுன் 35 பென்ஸ் வருமானம் வருவதாக எண்ணி, அத்தொகையை உதவியிலிருந்து கழித்துவிடுவர். தச்சரிடம் 10,000 பவுன் உள்ளது என்போம். மேற்பட்டது 4,000 பவுன். அதில் பதினாறு 250கள் உள்ளன. ஆகவே மாதம் 69 பவுன் 60 பென்ஸ் குறையும். 2024-25ஆம் ஆண்டில், 25 வயது நிறைந்த தனி ஒருவருக்குரிய அடிப்படைத் தொகை மாதம் 393 பவுன் 45 பென்ஸ். கழிவு போக அவருக்குக் கிடைப்பது 323 பவுன் 85 பென்ஸ்.

கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் இங்கே சிறிது நின்று சிந்திக்கலாம். 250 பவுனுக்கு மாதம் 4.35 என்றால் ஆண்டுக்கு 52 பவுன் 20 பென்ஸ். அதாவது நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வட்டி! இவ்வளவு வட்டி தரும் வங்கி எங்கே உள்ளது? இல்லைதான். சட்டம் கருதுவது வட்டியை அன்று. ‘உங்கள் முதலையே சிறிது சிறிதாக எடுத்துச் செலவிடுங்கள்’ என்பதே அதன் உட்பொருள். வருமானம் என்று பெயரிட்டிருந்தாலும், அது சேமிப்பைக் கரைக்கச் சொல்லும் கட்டளையே ஆகும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 15,000 பவுன் வைத்திருப்பவர் மாதம் 156 பவுன் 60 பென்ஸ் இழந்து எஞ்சியதைப் பெறுகிறார். 16,001 பவுன் வைத்திருப்பவருக்கு ஒரு காசும் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து உதவி கேட்டால் இருவர் சேமிப்பையும் கூட்டிப் பார்ப்பர். வரம்பு மட்டும் இரட்டிப்பதில்லை. வேலை தேடுவோர் உதவிக்கு 16,000 என்ற இம்மேல்வரம்பு ஏற்பட்டது 2006ஆம் ஆண்டில். 2025ஆம் ஆண்டிலும் அதே 16,000தான். விலைவாசி ஏறிக்கொண்டே போக வரம்பு மட்டும் அசையாமல் நின்றால், சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே சட்டம் ஆண்டுதோறும் கடுமையாகிறது என்பதை உணர வேண்டும். உதவி பெறுவதற்காகவே சேமிப்பைச் செலவழித்துவிடுவோம் என்று எண்ணுவதும் பயன்படாது. அந்நோக்கத்தோடு பணத்தைக் கரைத்தார் என்று அதிகாரிகள் கருதினால், அப்பணம் இன்னும் அவரிடமே இருப்பதாகக் கொண்டு கணக்கிடுவர்.

நிற்க, இங்குதான் சொந்தத் தொழில் செய்வோரின் தனிச் சிக்கல் எழுகிறது. மாதச் சம்பளக்காரருக்குச் சேமிப்பு என்பது செலவு போக எஞ்சியது. சொந்தத் தொழிலாளரின் கையிலுள்ள பணமெல்லாம் அத்தகையதன்று. அதில் ஒரு பகுதி அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி. பிரிட்டனில் ஏப்ரல் 5ஆம் தேதியோடு முடியும் ஆண்டின் வரியை அடுத்த ஜனவரி 31க்குள் செலுத்த வேண்டும். அதுவரை அப்பணம் அவரிடமே தங்கியிருக்கும். இன்னொரு பகுதி மரமும் ஆணியும் வாங்குவதற்கு. மற்றொரு பகுதி, வேலை வராத மழைக்காலத்துக்கு. உழவர் வீட்டுக் குதிரில் நெல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது விதைநெல். அதைக் குத்தித் தின்றுவிட்டால் இவ்வாண்டுப் பசி தீரும். அடுத்த ஆண்டு விளைச்சல் இராது. விதைநெல்லையும் உண்ணும் நெல்லையும் ஒரே படியால் அளப்பது முறையாகுமா?

சட்டம் இதனை முற்றிலும் அறியாமல் இல்லை. தொழிலுக்கு முழுமையாகவோ பெரும்பாலுமாகவோ பயன்படும் சொத்தைச் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. தச்சரின் கருவிகள், வண்டி, தொழிலுக்கென ஒதுக்கிய பணம் யாவும் இதில் அடங்கும். தொழிலை நிறுத்திவிட்டாலும், அச்சொத்தை விற்பதற்குத் தக்க முயற்சி செய்பவருக்கு ஆறு மாதம் தவணை உண்டு. அவர் குடியிருக்கும் வீட்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை. இவை நல்ல விதிகளே. ஆனால் தொழிற்பணம் எது, சொந்தப் பணம் எது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும், வரவு செலவுக்கு ஒழுங்கான ஏடும் வைத்திருப்பவருக்கு அது எளிது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்தவருக்கு விதைநெல்லைப் பிரித்துக் காட்டுவது அரிது. கணக்கெழுதும் பழக்கம் செல்வர்க்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். தேவை மிகுந்தவருக்கே அது பெருந்துணை.

சேமிப்பு என்னும் தடையைத் தாண்டியவருக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது. ‘உங்கள் தொழில் ஒழுங்காக, இலாப நோக்கோடு நடைபெறும் தொழில்தானா?’ என்று அலுவலகம் கேட்கும். ‘ஆம்’ என்றால், முதல் பன்னிரண்டு மாதத் தொடக்கக் காலம் முடிந்தபின், அவர் பொதுவாக வாரம் 35 மணி நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்தால் பெறக்கூடிய அளவு சம்பாதிப்பதாகவே கொண்டு உதவியைக் கணக்கிடுவர். அம்மாதம் அவர் ஈட்டியது அதில் பாதியாயினும் சரியே. ‘இல்லை, தொழில் படுத்துவிட்டது’ என்றால், வேறு வேலை தேட வேண்டும். தேடுவதை மெய்ப்பிக்கவும் வேண்டும். பத்தாண்டுகள் பாடுபட்டு வளர்த்த தொழிலை ஒரு மந்தமான பருவத்துக்காகக் கைவிடுவதா, இல்லாத வருமானத்தை இருப்பதாக ஒப்புக்கொள்வதா என்ற இருதலைக்கொள்ளி நிலையில் அவர் நிற்கிறார்.

2020ஆம் ஆண்டில் இச்சிக்கல் ஒரே நாளில் நாடறிந்த செய்தியாயிற்று. கொரோனா நோய் பரவியபோது கடைகளும் பட்டறைகளும் அரசின் ஆணையால் மூடப்பட்டன. சொந்தத் தொழிலாளர் வேண்டுமென்றே வேலையை நிறுத்தினாரோ என்ற பழைய ஐயத்துக்கு அப்போது இடமே இல்லாமற் போயிற்று. பிரிட்டிஷ் அரசு, கற்பித வருமானத்தைக் கணக்கிடும் விதியை அவ்வாண்டு மார்ச்சு மாதம் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அத்துடன் தகுதியுடைய சொந்தத் தொழிலாளருக்கு அவர்களுடைய முந்தைய சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 80 வீதம் மூன்று மாதத்துக்கு, 7,500 பவுன் வரம்புக்குட்பட்டு, முதல் மானியமாக வழங்கியது. அம்மானியத்துக்குச் சேமிப்புச் சோதனை இல்லை. வரிக் கணக்கே ஆதாரம். ஐக்கிய அமெரிக்காவிலும் 2020 மார்ச்சில் இயற்றிய சட்டம், வழக்கமாக வேலையின்மைக் காப்பீட்டுக்கு வெளியே நின்ற சொந்தத் தொழிலாளருக்குத் தனி உதவி அளித்தது. அது 2021 செப்டம்பரில் முடிவுற்றது. இவை நெருக்கடிக்கால ஏற்பாடுகள். எனினும், வரிக் கணக்கைக் கொண்டு சொந்தத் தொழிலாளரின் இழப்பை அளக்க முடியும் என்பதை அவை காட்டின.

அமைதிக்காலத்திலும் இதற்கு வழி தேடிய நாடுகள் உண்டு. ஜெர்மனியில் 2006 முதல், முன்னர்க் காப்பீட்டில் இருந்து பின்னர்ச் சொந்தத் தொழில் தொடங்குவோர், சில நிபந்தனைகளுக்குட்பட்டு விரும்பிச் சந்தா செலுத்தி வேலையின்மைக் காப்பீட்டைத் தொடரலாம். ஸ்பெயினில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் நின்றுபோன சுயதொழிலாளருக்குக் காப்பீடு வகுத்தது. பிரான்சு 2019 நவம்பர் முதல், நிபந்தனைகளுக்குட்பட்டுச் சுமார் ஆறு மாதங்கள் உதவி வழங்கத் தொடங்கியது. எந்த ஏற்பாடும் குறையற்றது அன்று. விரும்பியவர் மட்டும் சேரலாம் என்றால், தொழில் சரியக்கூடும் என்று அஞ்சுவோரே மிகுதியாகச் சேர்வர், நிதி தாங்காது. எல்லாரும் சேர வேண்டும் என்றால், செழிப்பாய் நடக்கும் தொழிலினர் முணுமுணுப்பர்.

மறுபக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். உதவிக்கான பணம் வானத்திலிருந்து பொழிவதன்று. குறைந்த கூலிக்கு உழைத்து, ஒரு காசும் மிச்சம் பிடிக்க முடியாத பெண்மணி செலுத்தும் வரியும் அதில் அடங்கும். 50,000 பவுன் வங்கியில் வைத்திருப்பவருக்கு அவருடைய வரியிலிருந்து உதவுவது நீதியாகுமா? ஆகாது. ஆதலின், ஆதரவு என்னும் வாயிலில் ஏதேனும் ஒரு சோதனை இருந்தே தீரும். சோதனை கூடாது என்பதன்று என் கருத்து. சிறுகச் சிறுகச் சேர்த்தவரை, சேர்த்ததற்காகவே தண்டிக்கும் அளவுக்கு அது கடுமையாகக் கூடாது. விதைநெல்லைப் பிரித்தறியும் கண் அதற்கு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தத் தொழிலாளரையும் சந்தா செலுத்தச் செய்து முதல் வாயிலைத் திறந்துவிட்டால், அவர் இரண்டாம் வாயிலில் வந்து தம் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடும்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை அலுவலகங்களில் பணிபுரிவீர்கள். வேறு பலர் சொந்தமாகத் தொழில் நடத்துவீர்கள். சிலர் சட்டங்களை இயற்றும் இடத்தில் அமரவும் கூடும். உதவித் திட்டம் ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது, எவ்வளவு தருகிறார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். சந்தாவைக் கேட்கிறதா, சொத்தைக் கேட்கிறதா? எதைச் சேமிப்பாகக் கொள்கிறது, எதைத் தொழிலின் முதலாகக் கொள்கிறது? வரம்பை எப்போது வகுத்தார்கள், பின்னர் திருத்தினார்களா? இம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அவற்றுக்குக் கிடைக்கும் விடையிலிருந்து, அத்திட்டம் உழைத்துச் சேர்த்த மனிதரை எவ்வாறு மதிக்கிறது என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.